மணமாகாமல் வாழ்ந்த அத்தைப்பாட்டியை ஆவணங்களில் தேடுவது எப்படி? (குன்னூர், வெலிங்டன் பகுதி)

அருவங்காட்டுப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவுக்கு உடன்பிறந்தவர் ஒருவர் இருந்தார். அவர் தாத்தாவுக்கு அக்காளா, தங்கையா என்பதில்கூட எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துப்போவதில்லை. திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை குன்னூரிலேயே வாழ்ந்து, 1960-களின் பிற்பகுதியில் காலமானார் என்பது மட்டுமே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. என் அப்பாவுக்கு அவர் அத்தை. எனக்கு அத்தைப்பாட்டி முறை. நான் அவரைப் பார்த்ததில்லை.

எங்களுடையது கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மலையேறியவர் தாத்தா. அவருடைய வாழ்க்கையைத் தொகுப்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. பணிப்பதிவேட்டின் நகல், ஓய்வூதிய ஆணை, திருமணச் சான்று, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றுகள், பள்ளிக் கட்டண ரசீதுகள் என்று ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதம் இருக்கிறது. அதே பெட்டியில் அத்தைப்பாட்டியின் பெயரைத் தாங்கிய காகிதம் ஒன்றே ஒன்றுதான்: குன்னூர் நகராட்சியின் வீட்டு வரி ரசீது. ஆண்டு எழுதப்பட்ட மூலை கிழிந்திருக்கிறது.

அவர் ஆசிரியையாக இருந்தார் என்கிறார் பெரியப்பா. ஆஸ்பத்திரியில் ஏதோ வேலை என்பது என் அப்பாவின் நினைவு. மடத்தில் சேர்ந்து சில காலத்துக்குப் பின் திரும்பி வந்தவர் என்று ஓர் அத்தை சொல்கிறார். மூவரும் கடைசியில் "பாவம், அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டார்" என்றுதான் முடிக்கிறார்கள். அவர் ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்று நான் ஆராயப் போவதில்லை. எப்போது, எங்கே பிறந்தார், என்ன படித்தார், எங்கே வேலை பார்த்தார், எங்கே இறந்தார் என்பவற்றை மட்டும் உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். திருமணப் பதிவும் பிள்ளைகளின் பதிவுகளும் இல்லாத ஒருவரை எந்த ஆவணத்திலிருந்து தேடத் தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய பத்திரம் எழுதியது:

பேரன் அவர்களே, நான் கோவை மாவட்டத்தில் நெடுங்காலம் பத்திர எழுத்தராக இருந்தவன். அந்த வரி ரசீதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என் பார்வையில் உங்கள் கேள்விக்கான பாதி விடை அதில்தான் இருக்கிறது. நகராட்சி யாருடைய பெயரில் வரி விதித்ததோ அவர் பெயரில்தான் ரசீது கிடைக்கும். அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவர் பெயரில் வீட்டு வரி ரசீது எப்படி வரும்? ரசீதில் வார்டு எண்ணும் கதவிலக்கமும் தெரிந்தால், நகராட்சியின் பழைய கேட்புப் பதிவேட்டை (யாரிடம் எவ்வளவு வரி கேட்கப்பட்டது என்று எழுதிவைப்பது) பார்க்க அனுமதி கேட்டு முதலில் ஒரு மனு கொடுங்கள்.

அடுத்து சார்பதிவாளர் அலுவலகம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணையில் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் இருக்கும். இரண்டாவதில் சொத்து விவரம் இருக்கும். இன்று எல்லோரும் வில்லங்கச் சான்று கேட்கும்போது சர்வே எண்ணை வைத்தே கேட்கிறார்கள். உங்களுக்குத் தேவைப்படுவது பெயர் அட்டவணை. கணினியில் ஏறாத ஆண்டுகளுக்குக் கைமுறைத் தேடலுக்கென்று கட்டணம் செலுத்தி மனு செய்ய வேண்டியிருக்கும். அந்த அட்டவணையையும் முதலாம் புத்தகத்தையும் யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே "உமக்கும் இதற்கும் என்ன தொடர்பு" என்று கேட்டால் தயங்க வேண்டாம்.

பத்திரம் கிடைத்துவிட்டால் அதன் முதல் பத்தியை நிதானமாகப் படியுங்கள். எழுதிக்கொடுப்பவர் இன்னார் என்று அடையாளம் காட்ட அவருடைய வசிப்பிடம், தொழில், தகப்பனார் பெயர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. மணமான பெண்ணைக் கணவர் பெயரோடு எழுதிவிட்டு, தொழிலைக் கேட்காமலே விட்டுவிடுவது எங்கள் தொழிலின் பழக்கம். ஐம்பது வயதிலும் தகப்பனார் பெயரோடு வரும் பெண்மணியிடம் அப்படி விட முடியாது. ஆகையால் அவருடைய தொழில் அங்கே எழுதப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாட்சிக் கையெழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை அட்டவணையில் வராது, ஆனால் அவருடன் பழகியவர்கள் யார் என்பதை அவைதான் சொல்லும்.

செண்பகனூர் வாசகி எழுதியது:

பழைய பத்திரம் ஐயா சொன்னதோடு பங்குப் பதிவேடுகளைப் (அந்தந்தப் பகுதிக் கோயிலில் வைத்திருக்கும் பதிவேடுகள்) பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொடைக்கானல் மலையில் என் தாய்வழிக் குடும்பத்துக்காக இவற்றோடு பல காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கத்தோலிக்கக் குடும்பம் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவருடைய பிறப்போடு கதை முடிவதில்லை. 1908 முதல், ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 470-ஆவது விதி, உறுதிபூசுதல், திருமணம், துணைத்தியாக்கோன் பட்டம் (குருவாவதற்கு முந்தைய ஒரு படி), சிறப்பான துறவற வார்த்தைப்பாடு (துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி) ஆகியவற்றையும் அதே ஓரத்தில் எழுதச் சொல்கிறது. உங்கள் அத்தைப்பாட்டி கருமத்தம்பட்டியில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால், அந்தப் பதிவின் ஓரம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் காலி ஓரத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை தேவை. வேறு பங்கில் நடந்த திருமணத்தை அந்தப் பங்குச் சாமியார் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டவர்கள் உண்டு. அதைவிட முக்கியமானது, பள்ளியிலும் மருத்துவமனையிலும் பணிசெய்த கன்னியர் சபைகளில் பெரும்பாலானவை எளிய வார்த்தைப்பாடு கொண்டவை. அவற்றில் சேர்ந்தவர்களின் பெயர் ஓரக்குறிப்பாக வர வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. எனவே மடத்துக்குப் போனதாக உங்கள் அத்தை சொல்வதை ஓரக்குறிப்பு உறுதி செய்யவும் செய்யாது, பொய்யாக்கவும் செய்யாது. அதற்குச் சபைகளின் நுழைவுப் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும். மரியாயின் பிரான்சிஸ்கு மறைபரப்புச் சபை 1877-இல் உதகமண்டலத்திலேயே தொடங்கியது என்பதால், நீலகிரிப் பெண்களுக்கு மடம் எட்டாத இடமாக இருக்கவில்லை.

உங்கள் தாத்தாவின் பிள்ளைகளுடைய ஞானஸ்நானச் சான்றுகள் பெட்டியில் இருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றில் ஞானத்தாய் (ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் பெண்) யார் என்று பார்த்தீர்களா? சான்றில் இல்லாவிட்டாலும் பதிவேட்டில் இருக்கும். மணமாகாத அத்தையை ஞானத்தாயாக நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். அப்பதிவுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், எந்தெந்த ஆண்டுகளில் அவர் குன்னூரில் இருந்தார் என்பது ஓரளவு தெரியும். நடுவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறொருவர் ஞானத்தாயாக நின்றிருந்தால் அந்த ஆண்டைக் கவனியுங்கள்.

மற்றொன்று: அவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார் என்பது உண்மையாக இருந்து, அந்த வேலை பிரசவம் பார்ப்பதாக இருந்தால், மற்றவர்களின் பிள்ளைகளுடைய பதிவுகளிலும் அவர் வருவார். பிறந்தவுடன் உயிர் தங்காது என்று அஞ்சப்படும் குழந்தைக்கு, குருவானவர் வரும்வரை காத்திராமல் அருகிலிருப்பவரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதுவார்கள். பதிவேடு இலத்தீனில் இருந்தால் "இன் பெரிகுலோ மோர்ட்டிஸ்" என்ற குறிப்பைத் தேடுங்கள். மரண ஆபத்தில் கொடுக்கப்பட்டது என்று பொருள்.

உதகை மறைமாவட்டம் 1955-இல்தான் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே குன்னூர்ப் பங்கில் ஏதேனும் ஒரு காலப் பதிவேடு இல்லை என்று சொன்னால், உதகையோடு நிறுத்திவிடாமல் மைசூருக்கும் கோவைக்கும் எழுதிக் கேளுங்கள்.

அருவங்காட்டுப் பேரன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஞானத்தாய் பெயர்களை இன்று மாலையே பார்த்தேன். ஆறு பிள்ளைகளில் ஐவருக்கு அவரே ஞானத்தாய். நான்காவது பிள்ளைக்கு மட்டும் வேறொருவர். அந்த ஆண்டு 1938. மடத்துக்குச் சென்றதாகச் சொல்லப்படும் காலம் அதுவாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

எழும்பூர் ஏடு எழுதியது:

அவசரப்பட வேண்டாம். 1938-இல் அவர் ஊரில் இல்லை என்பதுவரைதான் அந்தப் பதிவு சொல்கிறது, அதுகூட ஊகமே. பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருக்கலாம். 1926-ஆம் ஆண்டுச் சென்னை செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்துக்குப் பிறகு, முறையான பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளின் பெயர்களைப் பதிவு செய்யும் மன்றம் இருந்தது. ஆசிரியை என்றால் பயிற்சிப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். மடம், பயிற்சி, நோய், ஊர்ப் பயணம் என்று எத்தனையோ காரணங்கள் இருக்க, குடும்பத்தார் சொன்ன ஒன்றுக்கு ஆவணத்தை வளைப்பது சரியல்ல.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை யாராவது பரிந்துரைப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் உள்ளதுபோல வீடுவீடான பழைய கணக்கெடுப்புத் தாள்களை நம் நாட்டில் பார்க்க முடியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அவற்றைப் பார்வைக்குத் தடை செய்கிறது. அச்சான அட்டவணைகளில், எந்த வயதில் எத்தனை பெண்கள் மணமாகாதவர், மணமானவர், கைம்பெண் என்ற மொத்தக் கணக்கு மட்டும் கிடைக்கும். அதில் உங்கள் அத்தைப்பாட்டியைக் காண முடியாது. அவரைப் போன்றவர்கள் எவ்வளவு அரிதாக இருந்தார்கள் என்பதைக் காணலாம். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் அந்த அட்டவணைகளைப் பார்க்கலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

வாக்காளர் பட்டியல் வேறு. 1951-52 பொதுத் தேர்தலுக்காகத் தயாரிக்கப்பட்ட பட்டியல் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைக் கூற மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் அப்போது நாடு முழுவதும் நீக்கப்பட்டன. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். நம் பக்கத்துப் பட்டியல்கள் அந்த வகையில் நம்பத்தக்கவை. கதவிலக்க வரிசையில் இருப்பதால், ஒரே வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதும் தெரியும்.

தாண்டிக்குடிக் காப்பி எழுதியது:

எங்களுடையது கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த இந்துக் குடும்பம். பேரன் அவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தாது என்றாலும், இந்த இழையைப் பிற்காலத்தில் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

"மணமாகாதவர்" என்று வீட்டில் சொல்வதை அப்படியே நம்பித் தேடக் கூடாது என்பது என் கருத்து. எங்கள் குடும்பத்தில் ஒரு பாட்டியைக் கல்யாணமே ஆகாதவர் என்றுதான் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1930-களின் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றில், அவருடைய காலஞ்சென்ற கணவரின் பெயரும், சகோதரர்கள் அவருக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சமும் எழுதப்பட்டிருந்தன. சிறுமியாக இருக்கும்போதே மணமுடித்து, கணவன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே கைம்பெண்ணாகியிருக்கிறார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் 1930 ஏப்ரல் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் திருமண வயதை அது 14 ஆக்கியது. அதற்கு முன்பு பிறந்து வளர்ந்த பெண்களைப் பற்றித் தேடும்போது இந்தச் சாத்தியத்தை ஒதுக்கிவிட முடியாது.

உண்மையிலேயே மணமாகாதவராக இருந்தாலும் பாகப்பிரிவினைப் பத்திரமே இந்துக் குடும்பங்களுக்கு முதல் ஆதாரம். பழைய முறையில் மகள்களுக்குப் பங்கு கிடையாது, ஆனால் மணமாகாத மகளின் பராமரிப்புக்கும் கல்யாணச் செலவுக்கும் ஒதுக்கீடு செய்யாமல் பிரிவினை எழுத மாட்டார்கள். இன்ன சர்வே எண்ணில் இத்தனை செண்ட் வருமானம் இன்னாருடைய கல்யாணச் செலவுக்கு என்று இருக்கும். பிறகு அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்றால், அந்த நிலம் என்னவாயிற்று என்பது அடுத்த பத்திரத்தில் தெரியும். எங்கள் ஊரில் ஓர் அம்மாள், கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தில் ஆரஞ்சும் காப்பியும் வைத்து, கடைசிவரை அதைத் தம் பொறுப்பிலேயே வைத்திருந்தார்.

தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989-இல் வந்த திருத்தத்தையும் நினைவில் கொள்ளுங்கள். அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகிவிட்ட மகள்களுக்கு அந்தத் திருத்தத்தின்படி கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு கிடைக்கவில்லை. மணமாகாத மகள்களுக்கு மகனைப் போலவே பங்கு கிடைத்தது. அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துக் கேட்கப்படாத அத்தைமார்களிடம் அதன் பிறகு வந்த பத்திரங்களில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். 1990-களின் விடுதலைப் பத்திரங்களை (தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுபவை) தேடினால் பலன் உண்டு.

கொடைக்கானல் பக்கத்தவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாவதற்கு முந்தைய காகிதங்களில் மாவட்டம் மதுரை என்றே இருக்கும்.

கோத்தகிரிக் கொழுந்து எழுதியது:

மேலே சொல்லப்பட்டவை எல்லாம் சொத்து இருந்தவர்களுக்கு. எங்களைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பத்திரம் ஏது? ஆனாலும் என் பாட்டியின் தங்கையை நான் ஓரளவு கண்டுபிடித்தேன். எங்களுக்கு அவர் சின்னப்பாட்டி. இலங்கை மலையகத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, தாயகம் திரும்பிய பின் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, மணமாகாமலே இறந்தவர்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பமும் அந்த எண்களில் ஒரு பகுதி. தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையில் குடும்பத் தலைவரும், அவரைச் சார்ந்தவர்களும், வயதும், உறவும் எழுதப்பட்டிருந்தன. சின்னப்பாட்டி எங்கள் தாத்தாவின் அட்டையில் இல்லை. நாங்கள் முதலில் அவர் தனியாக வந்தார் என்றே நினைத்தோம். பிறகுதான் அவர் பெயர் தம்பியின் அட்டையில் இருப்பது தெரிந்தது. அக்காள் கணவரின் அட்டையை விடத் தம்பியின் அட்டையே பொருத்தம் என்று அவரோ அதிகாரியோ முடிவு செய்திருக்க வேண்டும். ஆகவே உடன்பிறந்தோர் அனைவரின் அட்டைகளையும் பாருங்கள். ஒரு கிளையோடு நிறுத்தாதீர்கள்.

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-இல் வந்தது. அதன்படி தோட்டத்தில் வேலை செய்த பெண்ணுக்கும் அவர் பெயரிலேயே உறுப்பினர் எண் உண்டு. கணவனோ தகப்பனோ இல்லாமல், ஒரு பெண்ணின் பெயர் தனியே எழுதப்பட்ட காகிதம் எங்கள் குடும்பத்தில் அதுதான் முதலாவது. இங்கே வந்த பிறகு வருங்கால வைப்பு நிதிக்கு நியமனப் படிவம் கொடுத்திருக்கிறார். மணமானவர்கள் குடும்பத்தாரைத்தான் நியமிக்க வேண்டும். சட்டம் சொல்லும் குடும்பம் இல்லாதவர் தாம் விரும்பிய எவரையும் நியமிக்கலாம். சின்னப்பாட்டி நியமித்தது தம்பியையும் அல்ல, தம்பி மகனையும் அல்ல. தம்மோடு அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்த இன்னொரு தொழிலாளிப் பெண்ணை. அந்தப் பெண்மணியின் பேரப்பிள்ளைகளை நான் தேடிப் போனபோது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத சின்னப்பாட்டியின் கதைகள் அவர்களிடம் இருந்தன. எங்களை விட அவர்கள்தான் அவரை அதிகம் அறிந்தவர்கள்.

பேரன் அவர்களின் அத்தைப்பாட்டி நகராட்சியிலோ அரசிலோ வேலை பார்த்திருந்தால், நியமனப் படிவம், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இவற்றில் யாரை நியமித்திருந்தார் என்று பாருங்கள்.

அருவங்காட்டுப் பேரன் எழுதியது:

சில மாத இடைவெளிக்குப் பின் எழுதுகிறேன். கிடைத்தவற்றைக் கிடைத்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கருமத்தம்பட்டிப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானம் இருக்கிறது. பிறந்த ஆண்டு 1904; தாத்தாவுக்கு அவர் அக்காள். ஓரத்தில் உறுதிபூசுதல் குறிப்பு மட்டும் உண்டு, திருமணக் குறிப்பு இல்லை. வாசகி அம்மையார் எச்சரித்தபடி இதற்கு மேல் அதிலிருந்து எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர் அட்டவணைத் தேடலில் இரண்டு பத்திரங்கள் கிடைத்தன. முதலாவது 1941-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். குன்னூரில் ஓட்டு வீடு ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். தகப்பனார் பெயருக்கு அடுத்து, தொழில் "முனிசிபல் மருத்துவச்சி" என்று எழுதப்பட்டிருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் தாத்தா. அவருடைய விலாசமாகத் தொழிற்சாலைக் குடியிருப்பு குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாவது 1952-ஆம் ஆண்டு அடமானப் பத்திரம். அதே வீட்டை ஈடுவைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். காரணம் "தம்பி குமாரத்தியின் கலியாணச் செலவுக்காக". அதாவது என் பெரிய அத்தையின் திருமணம். இந்த இரண்டாவது பத்திரத்தில் தாத்தாவின் விலாசமும் அந்த வீடே.

வீட்டு வரி ரசீதிலுள்ள கதவிலக்கம் பத்திரத்தோடு ஒத்துப்போகிறது. தாத்தா ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்த ஆண்டு 1950 என்பது ஏற்கெனவே எனக்குத் தெரியும். ஆக, அவர் பிள்ளைகளோடு குடியேறியது அக்காள் வீட்டில். என் அப்பா வளர்ந்த வீடு அதுதான். அவரிடம் பத்திர நகலைக் காட்டினேன். "அப்படியானால் அத்தைக்கு நாங்கள் வாடகை கொடுத்தோமா?" என்று கேட்டார். கொடுத்ததாக எந்தக் காகிதமும் இல்லை.

குன்னூர்ப் பங்கில் பதிவேட்டைப் புரட்ட அனுமதிக்கவில்லை. ஆனால் அலுவலகப் பணியாளர் ஒருவர் நான் கேட்ட ஆண்டுகளைப் பார்த்து, தேவையான பதிவுகளை எழுதிக் கொடுத்தார். 1930 முதல் 1955 வரையிலான பக்கங்களில், மரண ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவராக அத்தைப்பாட்டியின் பெயர் பல இடங்களில் வருகிறது. தோட்டத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், கடைக்காரர் என்று எல்லா வகைக் குடும்பங்களும் அதில் உண்டு. அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பிற்காலத்தில் ஓரத்தில் திருமணக் குறிப்பு இருக்கிறது என்று அந்தப் பணியாளர் தாமாகவே குறித்துக் கொடுத்திருந்தார். நான் கேட்காமலே அவர் செய்த இந்த உதவியை மறக்க மாட்டேன்.

1938 இன்னும் வெறும் இடமாகவே இருக்கிறது. அந்த ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் மரண ஆபத்துப் பதிவுகளில் அவர் பெயர் இல்லை. மேல்பயிற்சியா, மடமா என்பதைச் சொல்ல என்னிடம் காகிதம் இல்லை. குடும்ப வரலாற்றில் அந்த இரண்டு ஆண்டுகளை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

செண்பகனூர் வாசகி எழுதியது:

படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஒரு வேண்டுகோள்: அந்தப் பதிவுகளிலுள்ள பிற குடும்பங்களின் பெயர்களை உங்கள் குடும்ப வரலாற்றில் அச்சிட வேண்டாம். சிலவற்றில் தகப்பனார் பெயர் எழுதப்படாத குழந்தைகளும் இருக்கக் கூடும். ஆண்டையும், குடும்பத்தின் தொழிலையும் சொன்னால் போதும்.

அருவங்காட்டுப் பேரன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. அப்படிச் சில பதிவுகள் உண்மையிலேயே இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிடுகிறேன்.

இப்போது எஞ்சியிருப்பது வீடு என்னவாயிற்று என்ற கேள்வி. அடமானம் தீர்ந்த ரசீது 1959-இல் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பெயரில் கிரயமோ தான செட்டில்மெண்டோ முதலாம் புத்தகத்தில் இல்லை. ஆனால் 1970-களில் வரி என் பெரியப்பா பெயருக்கு மாறியிருக்கிறது. பெரியப்பாவிடம் கேட்டால், "அத்தை எழுதி வைத்திருந்தார்" என்கிறார். எதை, எங்கே என்று அவருக்கு நினைவில்லை.

பழைய பத்திரம் எழுதியது:

அப்படியானால் உயில்தான். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். முதலாம் புத்தகத்தைப் போல எல்லோரும் பார்வையிடக் கூடியது அல்ல அது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் தருவார்கள், அவர் இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் தரலாம். எனவே இறந்தார் என்பதற்கு ஆதாரம் வைத்தே விண்ணப்பிக்க வேண்டும். பங்கின் அடக்கப் பதிவு உங்களுக்கு நாளைச் சொல்லும், ஆனால் அலுவலகத்தில் இறப்புச் சான்றுதான் கேட்பார்கள். குன்னூர் நகராட்சியில் பதிவு இல்லாவிட்டால் வெலிங்டன் கண்டோன்மெண்ட் அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே நடந்த இறப்புகளுக்குப் பதிவேடு தனி. இரண்டிலும் இல்லை என்றால், பதிவு இல்லை என்ற சான்றைப் பெற்று, காலங்கடந்த பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டியிருக்கும். அதற்குப் பங்கின் அடக்கப் பதிவு நல்ல துணை ஆவணம்.

உயில் பதிவாகாமலும் இருந்திருக்கலாம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இந்தியக் கிறிஸ்தவர்கள் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால்தான் அதன் வழியாக வழக்கில் உரிமை கோர முடியும். ஆகவே மாவட்ட நீதிமன்றத்தில் மனு ஏதேனும் தாக்கலாயிற்றா என்றும் பாருங்கள். உயிலே இல்லாமல், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையை யாராவது கேட்டிருந்தால், அந்த மனுவில் இறந்தவரின் உறவினர்கள், அவர்களுடைய இருப்பிடங்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

அருவங்காட்டுப் பேரன் எழுதியது:

வெலிங்டன் கண்டோன்மெண்ட் பதிவேட்டிலேயே கிடைத்தது. 1968-இல், தாம் ஞானத்தாயாக நின்ற ஒரு பெண்ணின் வீட்டில் இறந்திருக்கிறார். தகவல் கொடுத்தவரும் அந்தப் பெண்ணே. அவர் எங்கள் உறவினர் அல்லர். இறப்புச் சான்று கையில் இருக்கிறது. மூன்றாம் புத்தக நகலுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் குடும்பம் இப்போது மேட்டுப்பாளையத்தில் இருப்பதாகத் தெரிகிறது, அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.